கார் ரிமோட் சாவி: புதிய பேட்டரி போட்ட பிறகும் திறக்கும் பொத்தான் சரியாக வேலை செய்யவில்லை

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் காரின் ரிமோட் சாவியில் ஒரு கோளாறு. சாவியைத் துவாரத்தில் செருகித் திருப்பிக் கிளப்பும் பழைய வகைக் கார் இது. சாவியின் தலைப்பகுதியிலேயே பூட்டும் பொத்தானும் திறக்கும் பொத்தானும் இருக்கின்றன. முன்பெல்லாம் முப்பது அடி தள்ளி நின்று அழுத்தினாலும் கதவு திறக்கும். மூன்று மாதங்களுக்கு முன்பு அந்தத் தூரம் குறையத் தொடங்கி, கடைசியில் கண்ணாடியை ஒட்டி நின்று அழுத்தினால்தான் திறக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துப் புதியது வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு நேரம் வேலை செய்கிறது, ஒரு நேரம் செய்வதில்லை.

புதிய பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்து பார்த்தேன். 3.2 வோல்ட் காட்டுகிறது. பூட்டும் பொத்தானைப் பத்து முறை அழுத்தினால் எட்டு முறையாவது கதவு பூட்டிக்கொள்கிறது. திறக்கும் பொத்தானோ நான்கைந்து முறைக்கு ஒருமுறைதான். பணிமனை ஒன்றில் காட்டியபோது, சாவியைத் திறந்துகூடப் பார்க்காமல், புதிய சாவி வாங்கிக் காரில் பதிவு செய்துகொள்வதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். இஞ்சினைக் கிளப்புவதில் இன்றுவரை ஒரு தடங்கலும் இல்லை. புதிய சாவிக்குப் போவதற்கு முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை என்னென்ன?

மின்னோட்டம் எழுதியது:

வணக்கம் நண்பரே. கார் மின்பணிதான் எனக்குத் தொழில். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது: இஞ்சின் கிளம்புகிறது, பூட்டும் பொத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது, திறக்கும் பொத்தான்தான் தவறுகிறது. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கவனித்துச் சொன்னதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் "சாவி வேலை செய்யவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நாம் சாவி என்று சொல்லும் அந்தப் பொருளுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சாதனங்கள் இருக்கின்றன. முதலாவது, கதவின் துவாரத்திலும் இக்னிஷனிலும் திரும்பும் உலோகத் தண்டு. இரண்டாவது, பொத்தானை அழுத்தினால் வானொலி அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். பேட்டரி தேவைப்படுவது இதற்கு மட்டுமே. மூன்றாவது, இம்மொபிலைசருக்கான, அதாவது சரியான சாவி இல்லாமல் இஞ்சினைக் கிளம்பவிடாத பாதுகாப்பு ஏற்பாட்டுக்கான, டிரான்ஸ்பாண்டர் சிப். இந்தச் சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தன் அடையாளத்தைக் காருக்குச் சொல்லிவிடும். ஆகவே உங்கள் இஞ்சின் கிளம்புகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது என்று பொருளே தவிர, டிரான்ஸ்மிட்டரைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் இரண்டாவது சாவி இருக்குமே, அதை எடுத்துவந்து அதே இடத்தில், அதே தூரத்தில் நின்று இரு பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு சாவியும் தவறினால் கோளாறு காரின் பக்கம். ஒன்று மட்டும் தவறினால் அந்தச் சாவியின் பக்கம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எதிலும் கைவைக்க வேண்டாம்.

சாவிக்கொத்து எழுதியது:

எனக்கும் பேட்டரி மாற்றிய பிறகு இப்படித்தான் ஆனது. பேட்டரியை எடுத்தவுடன் சாவியின் நினைவகம் அழிந்துவிடும், அதனால் மீண்டும் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நெடுவழி அவர்களின் காரிலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

நண்பர் சாவிக்கொத்து அவர்களின் கருத்தை மரியாதையோடு மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நம்பிக்கையால் தேவையே இல்லாமல் செலவு செய்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சாவியின் அடையாள எண், மறைக்குறியீட்டுத் திறவு (குறியீடுகளை உண்டாக்கும் ரகசிய எண்), எத்தனையாவது அழுத்தம் என்ற எண்ணிக்கை ஆகியவை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. பெரும்பாலான சாவிகளில் பேட்டரியை எடுத்து ஒரு மாதம் மேசையில் போட்டுவைத்தாலும் அவை அப்படியே இருக்கும். சில பழைய கார்களில் மட்டும், பேட்டரி மாற்றியபின் சாவியை இக்னிஷனில் திருப்பி, பூட்டும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கும் எளிய ஒத்திசைவு தேவைப்படும். காரின் கையேட்டில் அது இருக்கும்.

பொத்தானை அழுத்தும்போது நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சாவி வேறொரு குறியீட்டை அனுப்புகிறது. ஒரே குறியீட்டையே அனுப்பினால், அதைக் காற்றில் பதிவு செய்துவைத்துக்கொண்டு எவரும் பிறகு திறந்துவிடலாம் அல்லவா? அதனால்தான் இந்த ஏற்பாடு. காரும் சாவியும் தத்தம் பக்கத்தில் எண்ணிக்கையை வைத்திருக்கின்றன. கார் அருகில் இல்லாதபோது சட்டைப்பையில் பொத்தான் தானாக அழுத்தப்பட்டால் சாவியின் எண்ணிக்கை முன்னே போய்விடும். பரவலாகப் பயன்பட்ட கீலாக் என்ற மாறும் குறியீட்டு முறையில், 16 அழுத்தங்கள் வரை முந்தியிருந்தாலும் கார் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டி 32,000 சொச்சம் வரை முந்தியிருந்தால், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் போதும், கார் தன் எண்ணிக்கையைத் தானே சரிசெய்துகொள்ளும். குழந்தை கையில் சாவி கிடைத்து ஒரு மணி நேரம் அழுத்தி விளையாடினாலும் 32,000 வராது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒத்திசைவு உண்மையிலேயே போயிருந்தால் எல்லாப் பொத்தான்களும் ஒன்றாகத்தான் செயலிழக்கும். பூட்டுவது பெரும்பாலும் வேலை செய்து, திறப்பது மட்டும் அடிக்கடி தவறுகிறது என்றால் அது பதிவுக் கோளாறே அல்ல.

நெடுவழி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. இரண்டாவது சாவியைச் சோதித்தேன். இரு பொத்தான்களும் முப்பது அடியிலிருந்து ஒருமுறைகூடத் தவறாமல் வேலை செய்கின்றன. கோளாறுள்ள சாவியில் சிறிய சிவப்பு எல்இடி விளக்கு இருக்கிறது; பூட்டும் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் எரிகிறது, சற்று மங்கலாக. திறக்கும் பொத்தானை அழுத்தும்போது, கதவு திறக்காத தருணங்களில் விளக்கும் எரிவதில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன்.

மின்னோட்டம் எழுதியது:

நல்லது, கார் தப்பித்தது. (இதைப் படிக்கும் வேறு எவருக்காவது இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் தவறினால், காரின் 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருக்கிறதா, சென்ட்ரல் லாக்கிங்கின் ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிறுத்தும்போது மட்டும் தவறினால் காரணம் அந்த இடத்தில் இருக்கிறது. பல நாடுகளில் இந்தச் சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸிலும், வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. 433 அலைவரிசையைக் கம்பியில்லா அழைப்புமணி, தானியங்கிக் கேட், வானிலைமானி எனப் பல கருவிகள் பகிர்ந்துகொள்கின்றன. அருகில் அப்படியொன்று ஓயாமல் அலை அனுப்பிக்கொண்டிருந்தால் உங்கள் சாவியின் குரல் காருக்குக் கேட்காது. காரை இருபது மீட்டர் நகர்த்திவிட்டு அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.)

இனி உங்கள் சாவிக்கு வருகிறேன். விளக்கு நமக்கு நல்ல சாட்சி. விளக்கு எரிந்தும் கார் அசையவில்லை என்றால் ஒன்று மின்னழுத்தம் போதவில்லை, அல்லது சாவி கீழே விழுந்ததில் அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டலோ ரெசனேட்டரோ பழுதாகிவிட்டது. விளக்கே எரியவில்லை என்றால் பொத்தானை அழுத்தியது சர்க்யூட்டுக்குத் தெரியவே இல்லை என்று பொருள். பேட்டரியின் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம், அல்லது பொத்தானுக்குக் கீழுள்ள சுவிட்ச் கெட்டிருக்கலாம். உங்களுக்கு இரண்டும் கலந்து இருப்பதாக நினைக்கிறேன்.

மல்டிமீட்டரில் 3.2 வோல்ட் காட்டியது என்றீர்கள். சுமை இல்லாமல் அளக்கும்போது, தேய்ந்த லித்தியம் செல்கூட 3 வோல்ட்டுக்கு அருகில் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். தேயத் தேய செல்லின் உள்மின்தடைதான் ஏறுகிறது. அந்தத் தடை 100 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி அலை அனுப்பும் நொடியில் 10 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் செல்லுக்குள்ளேயே விழுந்துவிடும், மீதி 2 வோல்ட்தான் சர்க்யூட்டுக்குக் கிடைக்கும். சரியாகச் சோதிக்க வேண்டுமானால் செல்லின் இரு முனைகளுக்கும் இடையே 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, இரண்டு நொடி பிடித்துக்கொண்டு அளங்கள். 2.7 வோல்ட்டுக்கு மேல் நின்றால் செல் நல்லது. கீழே சரிந்துகொண்டே போனால் அது புதிய உறையிலிருந்து வந்திருந்தாலும் பழையதுதான்.

கூட்டைத் திறந்து செல்லின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும், செல் உட்காரும் குழியில் எழுதியிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்று பார்த்தபின் புரியும்.

நெடுவழி எழுதியது:

புரிந்துவிட்டது ஐயா. குழியின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் சிஆர்2032 என்று பொறித்திருக்கிறது. நான் போட்டிருந்தது சிஆர்2025. பழைய செல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல், "சாவிக்குப் போடும் வட்ட பேட்டரி" என்று கேட்டு வாங்கிய என் கவனக்குறைவுதான் இது. வட்டம் ஒரே அளவாக இருந்ததால் எனக்கு ஐயமே எழவில்லை.

சரியான செல்லைப் போட்டபின் விளக்கு பளிச்சென்று எரிகிறது, பழைய முப்பது அடித் தூரமும் திரும்பிவிட்டது, பூட்டும் பொத்தான் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் திறக்கும் பொத்தான் இன்னும் தவறுகிறது. விரலை நேராக அழுத்தாமல், பொத்தானின் இடது ஓரத்தில் சாய்த்து அழுத்தினால் திறந்துவிடுகிறது.

சாவிக்கொத்து எழுதியது:

பதிவைப் பற்றிய என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன், நன்றி ஈயப்பற்று. ஒரு கேள்வி. எண் மாறினால் என்ன ஆகும்? இரண்டும் 3 வோல்ட்தானே? இடைவெளி இருந்தால் அலுமினியத் தாளை மடித்து வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

அந்த எண்ணிலேயே அளவு எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மில்லிமீட்டரில் விட்டம். அடுத்த இரண்டு இலக்கங்கள் தடிமன், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக. 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். 2025 என்றால் அதே விட்டம், 2.5 மி.மீ. தடிமன். 1620, 2016, 2450 எல்லாவற்றையும் இப்படியே படிக்கலாம். மெல்லிய செல்லைப் போட்டால் 0.7 மி.மீ. இடைவெளி விழும். தொடுமுனையின் வில்தகடு அதை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். புதிதாகப் போட்டவுடன் பிடித்தும் விடும். இரண்டு நாள் சட்டைப்பையில் குலுங்கினால் விட்டுவிடும். நெடுவழி அவர்களுக்கு இரண்டு நாள் நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான். அலுமினியத் தாளை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். அது நகர்ந்து செல்லின் விளிம்பையும் அடிப்பகுதியையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகி, செல் சூடாகும். சரியான செல் போட்டும் தொடர்பு தளர்வாக இருந்தால், வில்தகட்டை மெல்ல அரை மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டால் போதும்.

மறுசார்ஜ் செய்யும் எல்ஐஆர்2032 வகையை சிஆர்2032க்குப் பதிலாகப் போடுவதும் ஆபத்து. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் தரும். 3 வோல்ட்டுக்கென்று அமைத்த சர்க்யூட் தாங்காமல் போகலாம். எதிர்த் திசையிலும் இதே எச்சரிக்கை உண்டு: இக்னிஷனில் இருக்கும்போது தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும் சில பழைய சாவிகளில் மறுசார்ஜ் செல் பற்றவைக்கப்பட்டிருக்கும், அவற்றில் சாதாரண சிஆர் செல்லை வைக்கக் கூடாது.

இனி அந்தத் திறக்கும் பொத்தான். சாய்த்து அழுத்தினால் வேலை செய்கிறது என்ற ஒரு குறிப்பே போதும், கோளாறு ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. நம் விரல் தொடும் ரப்பருக்குக் கீழே, போர்டின் மேல், அரிசியைவிடச் சற்றுப் பெரிய சதுர சுவிட்ச் ஒன்று இருக்கும். அழுத்தினால் "டிக்" என்று கேட்பது அதுதான். அதன் கால்கள் போர்டில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அழுத்தத்திலும் விரலின் விசை முழுவதும் அந்தச் சிறிய பற்றின் மேல்தான் இறங்குகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை என்று கொண்டாலும் ஒன்பது ஆண்டுகளில் 13,000 முறை. ஒரு காலின் பற்றில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டால், நேராக அழுத்தும்போது விரிசல் விலகும், சாய்த்து அழுத்தும்போது சேரும்.

போர்டை வெளியே எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து அந்தச் சுவிட்சின் கால்களைப் பாருங்கள். நல்ல பற்று, காலிலிருந்து போர்டுக்கு வழுவழுப்பாகச் சரிந்து இறங்கி மின்னும். விரிந்த பற்றில் காலைச் சுற்றிக் கறுத்த மெல்லிய கோடு ஒன்று தெரியும். மரக்குச்சியின் முனையால் சுவிட்சை மெல்ல அசைத்தால் அந்தக் கால் தனியாக ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்னால், சிறிது ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பற்ற உதவும் பசை) தடவி, இரண்டு நொடிக்கு மேல் வைக்காமல் பற்றைப் புதுப்பித்துவிடலாம். செய்வதற்கு முன் பேட்டரியை எடுத்துவிடுங்கள். பழக்கமில்லை என்றால் செல்பேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அவர்களுக்கு இது அன்றாட வேலை. சில சாவிகளில் சதுர சுவிட்ச் இல்லாமல், ரப்பரின் அடியில் கரிப்பூச்சு வட்டம் மட்டும் இருக்கும். அந்த வகையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துப் போர்டின் தொடுதளத்தைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்ரோலோ, துருநீக்கி எண்ணெயோ வேண்டாம். அவை ரப்பரை ஊதவைத்துவிடும்.

மின்னோட்டம் எழுதியது:

போர்டை எடுக்கப் போகும் நெடுவழி அவர்களுக்கும், கூடு உடைந்துவிட்டதென்று புதுக் கூடு வாங்கி மாற்றப் போகிறவர்களுக்கும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் வகைச் சாவியில் டிரான்ஸ்பாண்டர் சிப் போர்டின் மேலேயே இருக்கலாம். பல சாவிகளில் அது தனித்துண்டாக, கூட்டின் உட்சுவரில் ஒரு மூலையில் செருகப்பட்டோ ஒட்டப்பட்டோ இருக்கும். பார்ப்பதற்குக் கறுப்பு நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு துண்டாகவோ, அரிசிமணி போன்ற கண்ணாடிக் குழாயாகவோ இருப்பதால், பிளாஸ்டிக் சிம்பு என்று நினைத்துப் பழைய கூட்டோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு புதுக் கூட்டில் பொத்தான்கள் அருமையாக வேலை செய்யும், கதவு திறக்கும், சாவி திரும்பும், இஞ்சின் மட்டும் கிளம்பாது. குப்பை வண்டி போனபிறகு என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு. அந்தச் சிறு துண்டுக்காக முழுச் சாவியையும் மறுபடி பதிவு செய்ய நேர்ந்தது. எனவே பழைய கூட்டைப் புதுச் சாவியால் காரைக் கிளப்பிப் பார்க்கும் வரை தூக்கிப் போடாதீர்கள்.

மாலைநேரம் எழுதியது:

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். என்னுடையது பொத்தானை அழுத்திக் கிளப்பும் கீலெஸ் கார். சாவி உள்ளே என் பக்கத்திலேயே இருக்கும்போது, சில நாட்களில் "சாவி கண்டறியப்படவில்லை" என்று திரையில் வருகிறது. செல் புதியது, சரியான எண்தான், இப்போதுதான் மறுபடி பார்த்தேன். இதற்கும் பொத்தான் பற்றுதான் காரணமா?

மின்னோட்டம் எழுதியது:

இல்லை நண்பரே, உங்களுடையது வேறு வழி. கீலெஸ் சாவியில் நான்காவதாக ஒரு சாதனமும் இருக்கிறது: கார் அனுப்பும் குறைந்த அலைவரிசை அழைப்பைக் கேட்கும் சிறிய சுருள். பல கார்களில் அந்த அழைப்பும் 125 கிலோஹெர்ட்ஸ்தான்; ஒன்றிரண்டு மீட்டருக்குள் மட்டும் எட்டும். அழைப்பைக் கேட்டபின்தான் சாவி விழித்து, உயர் அலைவரிசையில் பதில் சொல்லும்.

சாவியை எங்கே வைக்கிறீர்கள்? கம்பியில்லாமல் செல்பேசியைச் சார்ஜ் செய்யும் தட்டின் மேலோ, அதற்கு அருகிலுள்ள குழியிலோ வைத்தால் இந்தச் செய்தி வருவது இயல்பு. அந்தத் தட்டுகள் சுமார் 110 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அளவில் இயங்குகின்றன, சாவி கேட்க வேண்டிய அழைப்பும் அதே எல்லைக்குள் வருகிறது. ஒரு வாரத்துக்குச் சாவியைத் தட்டிலிருந்தும் செல்பேசியிலிருந்தும் தள்ளி, வேறு பையில் வைத்துப் பாருங்கள்.

செல் முழுவதும் தீர்ந்துபோனாலும் இந்தக் கார்களைக் கிளப்ப முடியும். ஒரு பக்கத்திலுள்ள சிறிய தாழைத் தள்ளினால் சாவிக்குள்ளிருந்து உலோகத் தண்டு வெளியே வரும். ஓட்டுநர் கதவின் கைப்பிடியில், சில கார்களில் ஒரு மூடிக்குக் கீழே, அதற்கான துவாரம் மறைந்திருக்கும். அப்படித் திறந்தால் எச்சரிக்கை ஒலி எழக்கூடும், பதற வேண்டாம். உள்ளே அமர்ந்து, சாவியை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அல்லது கையேட்டில் குறித்திருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் பேட்டரியில்லாமலே சிப் படிக்கப்பட்டு இஞ்சின் கிளம்பும், ஒலியும் நிற்கும். இதை வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை செய்து பழகிவிடுங்கள். இரவில் மழையில் நின்றுகொண்டு அந்தத் துவாரத்தைத் தேடுவது மிகுந்த சிரமம்.

மாலைநேரம் எழுதியது:

சார்ஜ் தட்டுக்குப் பக்கத்துக் குழியில்தான் வைத்துக்கொண்டிருந்தேன்! மாற்றிவிட்டேன், மிக்க நன்றி. வீட்டில் கதவோரம் மாட்டிவைக்கும் சாவியைத் திருடர்கள் தூரத்திலிருந்தே பயன்படுத்திக் காரை எடுத்துச் செல்ல முடியும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா?

ஈயப்பற்று எழுதியது:

உண்மைதான். காரின் அழைப்பைச் சாவிவரை நீட்டிக் கொண்டுபோகும் கருவிகளால் அது முடியும். 2011ஆம் ஆண்டிலேயே சூரிச்சில் உள்ள இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் இதைச் செய்துகாட்டினார்கள். குறியீடு மாறிக்கொண்டே இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனெனில் திருடர் குறியீட்டை உடைப்பதில்லை, இரு பக்கத்துப் பேச்சையும் கடத்திக் கொடுக்கிறார், அவ்வளவே. மூடியுள்ள உலோகப் பெட்டியிலோ, அலை புகாத உறையிலோ சாவியை வைத்தால் அழைப்பு அதற்கு எட்டாது. உறையில் போட்டு, காருக்கு அருகில் நின்று கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கதவு திறந்தால் அந்த உறையால் பயனில்லை. சில மாதங்களில் உறையின் மடிப்புகள் தேய்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது இதைச் சோதிக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும் அசைவு உணரியுள்ள சாவிகள் புதிய கார்களில் வருகின்றன.

காருக்கு மிக அருகிலேயே சாவியை மாட்டிவைத்தால் காரின் அழைப்புக்கு அது திரும்பத் திரும்ப விழித்துக்கொண்டே இருக்கும், செல் விரைவில் தீரும். அதற்காகவாவது தள்ளி வையுங்கள்.

அகல்விளக்கு எழுதியது:

நேற்று என் கணவரின் சாவி சட்டைப்பையோடு துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டது. வெளியே எடுத்துத் துடைத்து, அரிசிப் பாத்திரத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்திப் பார்க்கலாமா?

ஈயப்பற்று எழுதியது:

இப்போது அழுத்த வேண்டாம் சகோதரி. முதலில் கூட்டைத் திறந்து செல்லை எடுத்துவிடுங்கள். ஈரத்தைவிட, ஈரத்தோடு சேர்ந்த மின்சாரம்தான் போர்டை அரிக்கிறது. செல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் செம்புத் தடங்களும் சுவிட்ச் கால்களும் பச்சை பூக்கும். அரிசி வெளிப்புறத்து ஈரத்தை ஓரளவு இழுக்கலாம், போர்டில் படிந்த சோப்பை அதனால் எடுக்க முடியாது, அதன் மாவும் உள்ளே போகும். போர்டை எடுத்து, சோப்பு போகும்படி காய்ச்சி வடித்த நீரில் அலசி, பின் அடர்த்தியான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பல்துலக்கியால் மெல்லத் தேயுங்கள். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் நிழலில் காயட்டும். தலைமுடி உலர்த்தியின் சூட்டைக் காட்ட வேண்டாம். பிறகு புதிய செல்லைப் போட்டுப் பாருங்கள். துவைத்த அன்றே செல்லை எடுத்துவிட்ட சாவிகளில் பல நன்றாகப் பிழைத்திருக்கின்றன.

அகல்விளக்கு எழுதியது:

செல்லை எடுத்துவிட்டேன், மிக்க நன்றி. வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும்; நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். இந்த இழையில் எல்லோரும் செல்லை வெளியே எடுக்கிறீர்கள். எடுத்த செல்லை மேசையில் வைக்காதீர்கள். 20 மி.மீ. லித்தியம் செல் ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவுடையது. ஈரத்தசையில் அதன் மின்னோட்டம் காரத்தை உண்டாக்கி, இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை ஏற்படுத்திவிடும். சாவியை இயக்க முடியாத பழைய செல்லுக்கும் அந்த வலிமை உண்டு. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். அறிகுறிக்காகக் காத்திராமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோங்கள். பழைய செல்லின் இருபுறமும் ஒட்டுநாடாவைச் சுற்றி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

மின்னோட்டம் எழுதியது:

மிகவும் தேவையான குறிப்பு அம்மா. இதையொட்டி இன்னொன்று: குழந்தைகள் விழுங்காதிருக்கச் சில செல்களின் அடிப்பக்கத்தில் கசப்புப் பூச்சு தடவி வருகிறது. அந்தப் பூச்சு தொடுமுனையில் படும் இடத்தில் மின்சாரத்தைத் தடுத்துவிடுவது உண்டு. புதிய, சரியான எண்ணுள்ள செல் போட்டும் விளக்கே எரியவில்லை என்றால், குழந்தை உள்ள வீட்டில் பூச்சைச் சுரண்டாமல், தொடுமுனை படும் புள்ளியை மட்டும் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். புதிய செல்லைப் போடும்போது விளிம்பைப் பிடித்துப் போடுங்கள். இரு முகங்களிலும் விரலின் எண்ணெய் படிவது தொடர்புக்கு நல்லதல்ல. உலோக இடுக்கியால் பிடித்தால் இரு முனைகளும் ஷார்ட் ஆகும்.

நெடுவழி எழுதியது:

ஐயா, அனைவருக்கும் நன்றி சொல்லத்தான் திரும்பி வந்தேன். கூட்டைத் திறந்து, மின்னோட்டம் அவர்கள் எச்சரித்த சிப்பை முதலில் தேடினேன். மேல்மூடியின் உட்சுவரில் ஒரு சிறிய பள்ளத்தில் கறுப்புத் துண்டாக இருந்தது. அதைத் தனியே ஒரு டப்பாவில் பத்திரப்படுத்திவிட்டுப் போர்டை வெளியே எடுத்தேன். திறக்கும் சுவிட்சுக்கு நான்கு கால்கள். பூதக்கண்ணாடியில் மூன்று கால்களின் பற்று மின்னியது. இடது ஓரத்துக் காலைச் சுற்றி மட்டும் பென்சிலால் வட்டம் போட்டதுபோல் ஒரு கறுப்புக் கோடு. பல்குத்தும் குச்சியால் தொட்டபோது சுவிட்சின் அந்த மூலை மேலெழுந்து அமர்ந்தது. அந்தக் காட்சியைப் பார்த்ததும், மூன்று மாதங்களாக நான் பட்ட சிரமத்துக்கு இந்த ஒரு கோடுதான் காரணமா என்று வியந்து போனேன்.

எனக்குச் சால்டரிங் பழக்கமில்லாததால் செல்பேசி பழுதுபார்க்கும் தம்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். விரிசலைக் காட்டியதும் அவர் அந்தக் காலோடு நிற்காமல், பூட்டும் சுவிட்சின் கால்களையும் சேர்த்துப் புதுப்பித்துக் கொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிப்பை அதன் பள்ளத்தில் திரும்ப வைத்து, கூட்டை மூடி, முதலில் இஞ்சினைக் கிளப்பிப் பார்த்தேன், கிளம்பியது. பிறகு முப்பது அடி தள்ளி நின்று திறக்கும் பொத்தானை இருபது முறை அழுத்தினேன். இருபது முறையும் திறந்தது.

ஈயப்பற்று எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. அந்தத் தம்பி பூட்டும் சுவிட்சையும் சேர்த்துப் பற்றவைத்தது சரியான வேலை. அதுவும் அதே வயதுடையதுதானே. ரப்பர் உறை ஓரத்தில் கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், தூசியும் வியர்வையும் அந்த வழியாகத்தான் சுவிட்சுக்குள் இறங்கும்.

நெடுவழி எழுதியது:

ரப்பர் நன்றாக இருக்கிறது ஐயா, இப்போதுதான் பார்த்தேன். இரண்டாவது சாவியின் செல்லும் ஐந்தாண்டுப் பழையது என்பதால் அதையும் இன்றே மாற்றிவிட்டேன். எண்ணைப் படித்துப் பார்த்து, சிஆர்2032தான்.